என் பங்குக்கு வந்த ஆன்ட்டி

என் தம்பி மகள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். அவர்கள் எதிர்வீட்டில் இருக்கிற, எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லாத ஒரு பெண்ணை அத்தை என்று கூப்பிடுவாள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு வார்த்தைக்காகவா ஒருத்தி பொறாமைப்படுவாள் என்கிறார்கள். நான் பட்டேன். இப்போதும் படுகிறேன்.

புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கணினியில் அழைப்பிதழ் அடிப்பது என் வேலை. கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோதல் எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். உறவுமுறைச் சொற்கள்தான் இந்தத் தொழிலில் பாதி. அத்தை பெயர் இருக்க வேண்டிய வரியில் சித்தி பெயர் வந்துவிட்டால், பணம் கட்டி அச்சடித்த அழைப்பிதழ் மொத்தத்தையும் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டு நிற்பார்கள். அப்படி நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதில் என் காது தானாகப் போய் நிற்கும்.

என் கணவருக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். தம்பி விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாக வந்த நகர் ஒன்றில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் மனைவி திருச்சியில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். மகளுக்குப் பேச்சு வந்த புதிதில், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஆன்ட்டிக்கு ஹாய் சொல்லு" என்று பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். பிள்ளையும் சொல்லும்.

அப்போது எனக்கு அது பிடித்திருந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஆன்ட்டி என்பது பெரிய வீட்டுச் சொல். கான்வென்ட் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள்தான் அதைச் சொல்லும். அப்படி ஒரு பிள்ளை என் வீட்டிலும் வந்துவிட்டது என்று அச்சகத்தில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பிறகுதான் அந்தச் சொல்லின் மவுசு குறைய ஆரம்பித்தது. கல்லூரிப் பையன்கள் வந்து, "ஆன்ட்டி, ஒரு கலர் பிரிண்ட்" என்றால், வயதாகிவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்வதாக அர்த்தமாகியிருந்தது. ஒருநாள் மதியம் வேலையில்லாத நேரத்தில் அந்தச் சொல்லையே தமிழில் அடித்து இணையத்தில் தேடிப் பார்த்தேன். வந்த படங்களைப் பார்த்துப் பதறிக் கணினியையே அணைத்துவிட்டேன். முதலாளி, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார்.

எதிர்வீட்டுக்காரி அந்த நகருக்குக் குடிவந்தது தம்பி மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது. கடலோரத்துக் கட்டுமாவடிக்காரி. நண்டு வறுத்தால் தெருப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் போடுவாள். கணவருக்குத் தம்பி வேலை பார்க்கிற கம்பெனியிலேயே வேலை. வீட்டிலிருந்தபடி ஜாக்கெட் தைப்பாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று முதன்முதலாக எனக்குத் தெரிந்ததே ஒரு சனிக்கிழமையில்தான்.

அதற்கு முந்தின நாள் தம்பி மகள் போனில் பேசினாள். நாளைக்கு லீவு, நாள் முழுக்க அத்தை வீட்டில்தான் இருக்கப்போகிறேன் என்றாள். அவள் வாயிலிருந்து அத்தை என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. மறுநாளைக்கு லீவு போட்டேன். காலையில் பணியாரத்துக்கு மாவு கலக்கினேன், மகன் அறையைக் கூட்டி மெத்தை விரிப்பை மாற்றினேன். இலுப்பூர் வழியாக வருகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க போன் போட்டேன்.

தம்பி மனைவிக்கு நான் கேட்பது புரியவில்லை. புரிந்த பிறகு மெல்லச் சிரித்தாள். "அண்ணி, அவ எதுத்த வீட்டு அத்தையச் சொல்லிருக்கா. அவங்க ஆன்ட்டின்னு கூப்புட்டா திரும்பியே பாக்க மாட்டாங்க."

பணியாரத்தை நானே தின்றேன். மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே விராலிமலைக்குப் போனேன். தம்பி வீட்டில் பிள்ளை இல்லை. எதிர்வீட்டு வாசலில் அவள் செருப்பு கிடந்தது. உள்ளே தையல் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து துண்டுத் துணிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். மெஷினில் இருந்தவள் எழுந்து வந்தாள். கறுப்பாக, உயரமாக, சிரித்தால் கண் முழுக்கச் சிரிக்கிற பெண். என்னைவிட மூத்தவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. "வாங்கக்கா, இங்கிட்டு உக்காருங்க" என்றாள். பிள்ளை வாயில் அவள் அத்தை, அவள் வாயில் நான் அக்கா. நான் உட்காரவில்லை. ஆன்ட்டி வந்திருக்கேன், வா என்று பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் தலையைத் தூக்கி, "இருங்க ஆன்ட்டி, அத்தைக்கு இத முடிச்சுக் குடுத்துட்டு வாரேன்" என்றாள்.

வாரேன் என்ற சொல்லைக்கூட அவள் அங்கேதான் கற்றிருந்தாள். எங்கள் வீட்டில் அவள் வர்றேன் என்பாள்.

அன்று மாலை சமையலறையில் அவளைத் தனியாகப் பிடித்து, நீ என்னை அத்தை என்று கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். நான்தானே உன் அப்பாவோடு கூடப் பிறந்தவள் என்றேன். அவள் நல்ல பிள்ளை, உடனே சரி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவள் கேட்டருகே வந்து, "அத்தை, தண்ணி" என்று குரல் கொடுத்தாள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் எதிர்வீட்டிலிருந்து "இந்தா வாரேன்டா" என்று பதில் வந்தது. அவளும் சொம்போடு வந்தாள். பிள்ளை நடுவில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி கையிலிருந்ததை வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சில வருஷம் கழித்துத் தம்பிக்கு ஒரு பையன் பிறந்தான். அந்தச் செய்தி வந்தபோது சந்தோஷத்தோடு சேர்ந்தே எனக்கு இன்னொன்றும் தோன்றியது. இவனை விடக்கூடாது. இவன் வாயில் அத்தை என்பது நானாகத்தான் இருக்க வேண்டும்.

தொட்டில் போடுகிற அன்று எங்கள் வழக்கப்படி நான்தான் பிள்ளையைக் கிடத்தினேன். சேலைத் தொட்டில், வெள்ளி அரைஞாண் எல்லாம் என் செலவு. குனிந்து அவன் காதில் பெயரைச் சொன்னேன். நிமிர்வதற்குள் தம்பி மகள், "அத்தையும் சொல்லட்டும்" என்று எதிர்வீட்டுக்காரியின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அவள் வேண்டாம் என்று பின்வாங்கினாள். நான், சொல்லுங்க, அதனால என்ன என்றேன். அவள் என்னைவிட அதிக நேரம் குனிந்திருந்தாள். அப்படி என்னதான் சொன்னாளோ.

மாதத்தில் இரண்டு ஞாயிறாவது விராலிமலைக்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். போனவுடன் பையனை மடியில் போட்டுக்கொண்டு, அத்தை, அத்தை என்று சொல்லிக்கொடுப்பேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் போகாத நாட்களில் அவன் எதிர்வீட்டில் இருந்தான். மெஷின் சத்தத்தில்தான் அவன் தூங்குகிறான் என்று தம்பி மனைவி சொன்னாள். அவளுக்கு அது வசதி. எனக்கு அது பஸ் பயணம் முழுக்கக் குத்திக்கொண்டே வந்தது.

அவன் முதலில் சொன்னது அம்மா. அடுத்தது அத்த. தம்பி மனைவி அனுப்பிய அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்தேன். அவன் கை நீட்டியிருந்த பக்கம் எதிர்வீடு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும் அவன் என்னைப் பார்த்து "தாந்தி" என்றான். யாருக்கும் விளங்கவில்லை. தம்பி மகள்தான் கண்டுபிடித்தாள். அவள் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்ததை அவன் தன் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கிறான். நான் இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டுக்குப் போய்விட்டது, எனக்கு இது வந்தது. ஆனாலும் அவன் தாந்தி, தாந்தி என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, வேறு யாரையும் அவன் அப்படிக் கூப்பிடவில்லையே என்று மனசு கொஞ்சம் ஆறியது.

அன்றிரவு அங்கிருந்தே என் கணவருக்கு வீடியோ கால் போட்டுப் பையனைப் பேசச் சொன்னேன். அவன் என்னைத் தட்டித் தட்டித் தாந்தி என்றான். என் கணவரோடு அறையில் தங்கியிருக்கிற இந்தோனேசியாக்காரர் ஒருவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். என் கணவர் சிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தார். "இவங்க ஊர்ல ஆன்ட்டிய 'தாந்தே'ன்னுதான் கூப்புடுவாங்களாம். ஒங்க புள்ளைக்கு எங்க பாஷ எப்படித் தெரியும்னு கேக்குறாரு."

அது என்னை விடவில்லை. மறுநாள் அச்சகத்தில் ஒரு காதுகுத்து அழைப்பிதழைப் பாதியில் விட்டுவிட்டு அகராதிகளைத் தேட ஆரம்பித்தேன். இந்தோனேசியாவின் தாந்தே டச்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சொல். டச்சுக்காரர்களுக்கு அது பிரெஞ்சிலிருந்து போனது. பிரெஞ்சில் அதற்கும் முன்னால் அது வெறும் 'ஆந்த்' மாதிரி ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. முன்னால் ஒரு 'த' எப்படி வந்து ஒட்டியது என்பதில் சண்டை. 'தா ஆந்த்', அதாவது 'உன் அத்தை' என்று சொல்லிச் சொல்லி அந்த 'தா' சொல்லோடு ஒட்டிப்போனது என்று சிலர் சொல்கிறார்கள். குழந்தைகள் குதப்பிச் சொன்னதில் வந்தது என்று வேறு சிலர். முதலில் சொன்னது எனக்கு அந்நியமாகப் படவில்லை. பழந்தமிழில் என் தந்தை என்றால் எந்தை, உன் தந்தை என்றால் நுந்தை. இரண்டாவதும் அந்நியமில்லை. அதை நான் விராலிமலையில் என் காதாலேயே கேட்டிருந்தேன்.

அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்தான் ஒரு பக்கம் இங்கிலீஷுக்குப் போய் ஆன்ட்டியாகி நம்மிடம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள், கறுப்பினப் பெண்களை மரியாதையாக அம்மையார் என்று அழைக்க மனமில்லாமல் ஆன்ட்டி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதே சொல் சிங்கப்பூரில் மரியாதை. சாப்பாட்டுக் கடைச் சீனத்துப் பாட்டியைப் பெரிய முதலாளிகள்கூட ஆன்ட்டி என்பார்கள் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். இந்தியில் அப்பாவின் தங்கைக்கும் அம்மாவின் தங்கைக்கும் சித்தப்பா மனைவிக்கும் தனித்தனிச் சொல் இருந்தும், எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஆன்ட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. நம்மூர் மாதிரியேதான்.

இவ்வளவுக்கும் ஆதியில் இருப்பது லத்தீன். அங்கே அந்தச் சொல் 'அமித்தா'. அதன் வேர் அம்மா என்பது போன்ற ஒரு மழலை ஒலி என்கிறார்கள். அமித்தா என்றால் பொதுவாக எல்லாப் பெண்களும் இல்லை. அம்மாவோடு பிறந்தவளுக்கு லத்தீனில் வேறு சொல். அமித்தா என்றால் அப்பாவோடு கூடப் பிறந்தவள். அவள் மட்டும்.

அந்த வரியை நான் எழுந்து நின்று வாசித்தேன். கல்லூரிப் பையன்களும் இணையமும் சேர்ந்து என்னமோ ஆக்கிவைத்திருக்கிற இந்தச் சொல்லுக்கு உண்மையான சொந்தக்காரி நான்தான். தம்பி மகள் ஒரு நாளும் தவறாகக் கூப்பிடவில்லை. ஆன்ட்டி என்று உலகத்தில் யாரைக் கூப்பிடலாமோ அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி எத்தனை நண்டு வறுத்துப் போட்டாலும் அமித்தா ஆக முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவே முடியவில்லை. போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். எதிர்வீட்டுக்காரி தம்பி வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து தம்பி மனைவியோடு சேர்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கட்டுமாவடியிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருகிறவரிடம் வாங்கியதாம். அவளும் இருப்பது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்தோனேசியா, டச்சு, பிரெஞ்சு, லத்தீன். கடைசியில் அமித்தா. அப்பாவின் உடன்பிறப்பு மட்டும்தான் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

தம்பி மனைவி, அப்படியா அண்ணி என்று கேட்டுவிட்டு இறாலை அலச எழுந்து போனாள். தம்பி மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அந்த லத்தீன் சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அப்படிப் பாத்தா நானும் அதுதானேக்கா" என்றாள். "எனக்கும் ஒரு அண்ணன் இருக்காரு. ரெண்டு புள்ளைக."

அவள் குனிந்து இறாலை உரித்துக்கொண்டே பேசினாள்.

"எங்கல்யாணம் அண்ணனுக்குப் புடிக்கலைங்க. அதோட போச்சு. ஊருப்பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தப்ப அந்தப் புள்ளைக எதுத்தாப்புல வந்துச்சுக. யாருன்னே தெரியாத மாதிரி தாண்டிப் போச்சுக. தெரியலதான், அதுக என்ன பண்ணும். இங்கன குடி வந்தப்ப ஒங்க தம்பி மக வந்து ஆன்ட்டின்னு நின்னுச்சு. அத்தைன்னு கூப்புடுன்னு சொல்லிட்டேன். ஒரு புள்ள வாயிலயாவது கேட்டுக்குவோமேன்னு. ஒங்களுக்குச் சேர வேண்டியதுன்னு அப்பத் தோணலக்கா."

நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து இறாலில் கை வைத்தேன். எனக்குச் சரியாக உரிக்க வராது. அவள் தலைப்பக்கம் எப்படிக் கிள்ளுவது என்று காட்டினாள். வார்த்தைதானே, இருந்துட்டுப் போகட்டும் என்று நான் சொன்னேன். வாய்தான் சொன்னது. அவள்மேல் எனக்கு இரக்கம் வந்தது உண்மை. ஆனால் இரக்கம் வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது போகவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது பையன் அவள் மடியில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடியும் கிட்டே வந்துவிட்டது.

இந்த வருஷம் அவனை மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். பள்ளி திறந்து சில வாரம் கழித்துப் போனில் அவன் குரல் கேட்டது. "ஆன்ட்டி, சாப்டிங்களா?" ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக வந்தது. பேச்சு எவ்வளவு தெளிந்துவிட்டது பாருங்கள் என்று தம்பி மனைவிக்குச் சந்தோஷம். நான் அவனிடம், தாந்தி சொல்லேன் என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"தாந்தி அத்தை வீட்ல இருக்கு" என்றான்.

தம்பி மனைவி போனை வாங்கி விவரம் சொன்னாள். எதிர்வீட்டில் ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் என்ன வைக்கலாம் என்று எதிர்வீட்டுக்காரி பையனிடம் கேட்டிருக்கிறாள். அவன் தாந்தி என்று சொல்லியிருக்கிறான். அவளுக்குச் சங்கடமாகப் போய், அது ஆன்ட்டியோட பேருடா, வேற சொல்லு என்றிருக்கிறாள். அவன் கேட்கவில்லை. ஆன்ட்டி ஆன்ட்டிதான், தாந்தி இதுதான் என்று சொல்லிவிட்டானாம். தம்பி மனைவி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் சிரித்தேன்.

போன ஞாயிறு போயிருந்தேன். சாம்பல் நிறத்தில் எலும்பும் தோலுமாக ஒரு குட்டி. எதிர்வீட்டுச் சுவர்மேல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. தெருவில் யாரும் இல்லை. நான் கேட்டருகே நின்று மெதுவாக "தாந்தி" என்று கூப்பிட்டேன். அது காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அதற்குள் உள்ளே மெஷின் நின்றது. "தாந்தி, மீன் தலை வச்சிருக்கேன், வா" என்று அவள் குரல் கேட்டது. பூனை சுவரிலிருந்து குதித்து உள்ளே ஓடியது.